சாட்சிக்கு வாசிக்கிறவள்

(1997 கோடை விடுமுறையில் கோவில்பட்டியில் எழுதிய நோட்டு இது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. டிரம்ஸ் எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய் என்று எங்கள் ராக் பேண்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவதால், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி அப்படியே கணினியில் தட்டித் தருகிறேன். இனி யாரும் கேட்கக் கூடாது. — பெ.)

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று சண்டே கிளாஸில் பாஸ்டரம்மா ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்கள். பெயர் நன்றி நோட்டு. லீவு முடியும்வரை தினமும் ஆண்டவருக்கு ஒரு நன்றியாவது எழுத வேண்டும். சனிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே படித்து, சிவப்பு மையில் டிக் அடித்து, சாயங்காலம் திருப்பித் தருவார்கள். நன்றாக எழுதுகிறவர்களுக்குப் பரிசு உண்டு. போன வருஷப் பரிசு சோப்பு டப்பா.

என் பெயர் பெர்சிஸ். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் கோமதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா குடியை விட்டு இரட்சிக்கப்பட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் புதுப் பெயர் வைத்தார்கள். சுடலைமுத்து என்ற என் அப்பா சாலமோன் ஆனார். மாரியம்மாள் என்ற என் அம்மா எஸ்தர் ஆனாள். சபை வேனை அப்பாதான் ஓட்டுகிறார். அதனால் ஜெப வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் நாங்கள் வாடகை இல்லாமல் இருக்கிறோம். பாஸ்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் நோட்டு என்றால் முதல் பக்கத்தில் விவரம் எழுத வேண்டுமே.

இன்றைய நன்றி: டிரம்ஸ் வாசிக்கும் ஜெயசீலன் அண்ணனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. நாளை கிளம்புகிறார். அண்ணனுக்கு வேலை கிடைத்ததற்குத்தான் நன்றி. டிரம்ஸ் சும்மா கிடக்கும் என்பதற்காக இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜெப வீட்டைப் பெருக்கினேன். டிரம்ஸைத் துடைத்தேன். தொடவில்லை. துடைக்கும்போது பட்டது கணக்கில் வராது. நன்றி.

ஏப்ரல் 30, புதன்

பாஸ்டர் ஐயாவும் பாஸ்டரம்மாவும் எட்டயபுரத்துக்கு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். வேன் ஓட்ட அப்பாவும் போய்விட்டார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்கு என் கால் எட்டுகிறது! இரண்டு வருஷமாக முன் வரிசைப் பாயில் உட்கார்ந்து ஜெயசீலன் அண்ணனைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கை எப்போது எங்கே போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அது கைக்குத் தெரியவில்லை. வலது கை போனால் கூடவே காலும் போகிறது. நீ பேசாமல் இரு என்றால் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் அந்தக் காலோடு சண்டை போட்டேன். திடீரென்று கை தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்தன. எனக்குள்ளே நாலு பேர் உட்கார்ந்து அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது போல இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜெப வீட்டில் தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

பாஸ்டரம்மா, கேட்காமல் உட்கார்ந்தது தப்புதான், மன்னிக்கவும். நன்றி: கால் எட்டியதற்கு.

மே 2, வெள்ளி

உபவாச ஜெபம். அப்பாவுக்கு வயிற்று வலி, வேன் எடுக்கவில்லை. கழுகுமலை ஆட்கள் பஸ்ஸில் வந்தார்கள். அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து உதடு வீங்கிவிட்டது. நன்றி: பல் ஒன்றும் போகவில்லை.

மே 3, சனி

டிக் கிடைத்தது. சிவப்பு மையில் இரண்டு வரி: “அம்மாவைப் பார்த்து நடக்கச் சொல். டிரம்ஸை இனி கேட்டுவிட்டுத் தொடு.” தொடாதே என்று எழுதவில்லை. தொடு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மூன்று தடவை படித்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

இன்று ஆராதனையில் டிரம்ஸ் இல்லை. பாஸ்டரம்மா கீபோர்டு வாசித்தார்கள். மெதுவான பாட்டு இரண்டும் எப்படியோ போய்விட்டன. வேகப் பாட்டு ஆரம்பித்ததும் வந்தது வினை. ஆண்கள் பக்கம் ஒரு வேகத்தில் கை தட்டுகிறார்கள், பெண்கள் பக்கம் இன்னொரு வேகம், பாஸ்டர் ஐயா இரண்டுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். பாட்டு நடுரோட்டில் நின்றுபோன வண்டி மாதிரி ஆகிவிட்டது.

நான் எப்போது எழுந்தேன், எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். கேட்டுவிட்டுத் தொடு என்று எழுதியிருந்தார்களே, கண்ணால் கேட்டேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒன், டூ, த்ரீ என்று மனசுக்குள் எண்ணி அடித்தேன்.

அந்த முதல் அடி விழுந்ததும் இருநூறு பேர் கையும் ஒன்றாக விழுந்தது! என்னால்! எனக்குப் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்கு ‘உள்ளேன்’ சொல்லவே குரல் வெளியே வராது. இங்கே நான் கொஞ்சம் வேகமாகப் போனால் இருநூறு பேரும் வேகமாக வருகிறார்கள். முக்காடு நழுவி நழுவிக் கழுத்தில் விழுந்தது. முன் வரிசையில் இருந்த ரூத் அத்தை எழுந்து வந்து அதைத் தலையில் ஏற்றிவிட்டார்கள். மறுபடியும் விழுந்தது, மறுபடியும் வந்தார்கள். மூன்றாம் தடவை அவர்களும் விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிந்ததும் பாஸ்டர் ஐயா மைக்கிலேயே, இனி பெர்சிஸ்தான் வாசிப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் போலத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பித்தான். அந்தப் பக்கம்தான் ஃபேன் காற்று வருகிறதாம்.

நன்றி, நன்றி, நன்றி. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

ஜெயசீலன் அண்ணன் விட்டுப்போன குச்சிகள் நுனி பிளந்திருக்கின்றன. அப்பா இன்று காலையிலேயே எங்கோ போய் நல்ல கொய்யாக் கம்பு வெட்டிக்கொண்டு வந்தார். வேன் படியில் உட்கார்ந்து மத்தியானம் வரை சீவினார். கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். இரண்டும் ஒரே எடை. கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லி, இடது குச்சியை இன்னும் கொஞ்சம் சுரண்டித் தந்தார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் என் மகள் டிரம்ஸ் வாசிக்கிறாள் என்று சொன்னார். தபால்காரரிடம்கூடச் சொன்னார்.

அப்பா நன்றாக இருக்கிற நாளில் அவரைப் போல யாரும் கிடையாது. நன்றி.

மே 9, வெள்ளி

இன்று எனக்குப் புது வேலை. சாட்சிக்கு வாசிப்பது.

ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. சபையிலேயே பெரிய சாட்சி அப்பாவுடையது. குடித்துவிட்டு அம்மாவின் கையை முறித்தது, அன்றைக்கே மனசு குத்தி ஜெப வீட்டு வாசலில் வந்து விழுந்தது, மடியில் இருந்த பாட்டிலை எடுத்துப் படியில் உடைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார். எல்லோரும் அழுவார்கள். வெளியூர்ச் சபைகளில் இருந்தும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். மதுரையில் சாட்சி சொல்லும்போது பின்னால் மெதுவாக டிரம்ஸ் உருட்டுகிறார்கள் என்று பாஸ்டர் ஐயா பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நாமும் செய்யலாம் என்றார்கள்.

அதற்கு வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அப்பா லுங்கியோடு நின்று சாட்சி சொன்னார். அம்மா இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கரண்டியால் மெதுவாக உருட்டி, பாட்டில் உடைகிற இடத்தில் ஓங்கித் தட்ட வேண்டும்.

“‘உடைச்சேன்’னு நான் சொன்ன ஒடனே விழணும் பாத்துக்க” என்றார் அப்பா. “முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. சனம் அந்த எடத்துலதான் அழும்.”

பதினோரு தடவை செய்தோம். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடியில் தட்டும் சத்தம் பக்கத்தில் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சாயங்காலம் ஜெபத்தில் மூடிக்குப் பதில் சிம்பல், அதாவது டிரம்ஸோடு நிற்கும் பித்தளைத் தட்டு. அடி சரியாக விழுந்தது. ரூத் அத்தை தேம்பித் தேம்பி அழுதார்கள். நன்றி: முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

மே 13, செவ்வாய்

(இந்தப் பக்கத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டப் போகிறேன். பாஸ்டரம்மா தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.)

பாஸ்டரம்மாவின் அக்கா மகன் ஆல்வின் அண்ணன் பெங்களூரில் இருந்து வந்திருக்கிறார். மாதக் கடைசியில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் இருக்கிறதே, அதற்குக் கிட்டார் வாசிக்க. காலேஜில் படிக்கிறார். முடி காதுக்குக் கீழே வளர்ந்திருக்கிறது. பாஸ்டர் ஐயா அந்த முடியைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார்கள்.

அவர் பையில் ஒரு வாக்மேன். நான் கேட்கலாமா என்றேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். இது ராக், சித்தப்பாவுக்குத் தெரிந்தால் என்னை இன்றைக்கே ரயிலேற்றிவிடுவார் என்றார். ராக் என்றால் சாத்தானின் இசை என்று பாஸ்டர் ஐயா போன வருஷம் ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் பண்ணினார்கள். ஆனாலும் காதில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான். கிட்டார் மரக்கடை ரம்பம் மாதிரி அறுக்கிறது. ஆனால் அடியில் டிரம்ஸ்! அதைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்குத் தெரிந்த அடி. நம் வேகப் பாட்டுக்கு நான் வாசிக்கிற அதே அடி! இரண்டாம் தட்டும் நாலாம் தட்டும் ஓங்கி விழுகின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். சாத்தானும் நாமும் ஒரே தாளத்தில்தான் போகிறோம் என்று ஆல்வின் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரில் ஒரு பேண்டில் பெண்தான் டிரம்ஸாம். முக்காடு கிடையாது. வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு மணி நேரம் வாசிப்பாளாம். சனம் உட்காராமல் நின்றே கேட்குமாம். அவளுக்கு என்ன வயது, அவள் வீட்டில் யாரும் திட்ட மாட்டார்களா என்று கேட்டுக் கேட்டு அண்ணனைத் துளைத்துவிட்டேன். நான் அப்படி வாசிப்பேன். இது ஜெபம் இல்லை, ஆசையும் இல்லை, வாசிப்பேன்.

மே 15, வியாழன்

அப்பாவுக்கு மறுபடி வயிற்று வலி. வேனின் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. மாடு இடித்ததாக அப்பா பாஸ்டர் ஐயாவிடம் சொன்னார். அம்மா இன்று முழுக்கப் படுத்திருந்தாள். நான் சோறு பொங்கினேன், ரசமும் வைத்தேன். நன்றி: ரசம் நன்றாக வந்தது.

மே 17, சனி

சிவப்பு மையில்: “ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்க ஆசையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு உடம்புக்கு என்ன?”

கடைசிக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன். காய்ச்சல் என்று எழுது என்றாள். காய்ச்சல்.

மே 20, செவ்வாய்

கன்வென்ஷன் மேடை போட்டுவிட்டார்கள்! கூரை உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒத்திகையில் நான் காலால் அடித்தால் நெஞ்சில் வந்து இடிக்கிறது, எதிரே இருக்கும் மில் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆல்வின் அண்ணன் கிட்டாரோடு என் பக்கம் திரும்பி நின்று வாசித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே இடத்தில் ஆரம்பித்தோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குச் சாப்பாடே வேண்டாம் போல இருக்கிறது.

பாஸ்டர் ஐயா ஒரு விஷயம் சொன்னார்கள். மூன்றாம் நாள் அப்பாவின் சாட்சி. அது நன்றாக நடந்தால் அப்பாவை முழுநேர ஊழியராக எடுத்துக்கொள்வார்கள். அறை எங்களுக்கே. அப்படியானால் டிரம்ஸ் என் வீட்டில் இருந்து இருபது அடி தூரத்தில், என்றைக்கும்! கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்து வேறு எங்கும் டிரம்ஸ் கிடையாது. இருந்தாலும் யார் ஒரு பெண்பிள்ளையைத் தொட விடப் போகிறார்கள்.

மே 23, வெள்ளி

இன்று நன்றி சொல்ல ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மே 25, ஞாயிறு

நேற்று நடந்ததை எல்லோரும் கேட்கிறார்கள். எழுதுகிறேன்.

கன்வென்ஷனின் மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறரை மணி. ரோடு வரை சனம். அப்பா கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார். நான் உருட்ட ஆரம்பித்தேன். அப்பா மிக நன்றாகச் சொன்னார். இதற்கு முன் இப்படிச் சொன்னதில்லை. சனம் மூச்சுவிடவில்லை. அம்மா முன் வரிசையில், மே மாத வெக்கையிலும் தாடை வரை இழுத்து முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். “பாட்டில எடுத்தேன்... உடைச்சேன்” என்றார் அப்பா.

சிம்பல் விழவில்லை.

நான் உருட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் “உடைச்சேன்” என்றார். நான் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை சொன்னபோது கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் ஐயா ஓடிவந்து ஸ்தோத்திரம் சொல்ல, பாஸ்டரம்மா சட்டென்று ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

தூக்கம் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாஸ்டர் ஐயா கோபப்படவில்லை. சின்னப் பிள்ளை, பெரிய மேடை, போகட்டும் என்றார்கள். அப்பாவை ஊழியராக எடுப்பதை அடுத்த ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார்களாம். அன்றைக்கு அப்பா இன்னொரு தடவை சாட்சி சொல்வார். நான் அன்றைக்குச் சரியாக வாசித்துவிட்டால் போதும். எல்லாம் பழையபடி.

கொய்யாக் கம்புக் குச்சிகள் உடைந்துவிட்டன. கீழே விழுந்து.

நேற்று சனிக்கிழமை, நோட்டு ஏன் வரவில்லை என்று பாஸ்டரம்மா கேட்டார்கள். இந்தச் சனிக்கிழமை தருகிறேன் என்றேன்.

மே 28, புதன்

பாஸ்டரம்மா, இந்தப் பக்கத்தை ஒட்டப் போவதில்லை.

மூன்று நாளாக யோசித்தேன். யோசித்ததை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. இதை நீங்கள் படித்தால் அப்பாவுக்கு வேன் இருக்காது. எங்களுக்கு அறை இருக்காது. எனக்கு டிரம்ஸ் இருக்காது. எழுதாமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சிம்பல் அடித்தால் எல்லாம் இருக்கும். எனக்கு டிரம்ஸ் எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. ராத்திரி விரலெல்லாம் தானாகப் பாயில் தாளம் போடுகிறது. அதனால்தான் இத்தனை நாள் பொய் எழுதினேன். அம்மா சொன்னாள் என்பதற்காக மட்டும் இல்லை. எனக்காகவும்தான். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருத்தங்கள்.

மே 2: அம்மா குழாயடியில் வழுக்கி விழவில்லை. அப்பாவுக்கு வயிற்று வலி என்று நான் எழுதிய நாளெல்லாம் அப்பா குடித்திருந்தார். 

மே 4: அம்மா தலையைத் திருப்பி வைத்துக் கேட்பது ஃபேன் காற்றுக்காக இல்லை. போன டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்த அன்று அப்பா அறைந்ததில் இருந்து அம்மாவுக்கு இடது காது கேட்பதில்லை.

மே 6: இது பொய் இல்லை. அப்பா எனக்காகக் குச்சி சீவினது நிஜம். இதைத் திருத்தாமல் விடுகிறேன்.

மே 15: மாடு எதையும் இடிக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. விலாவில் மிதித்திருந்தார்.

மே 23: சாட்சிக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி சரியாக ஏறவில்லை. அதற்காக அடித்தார். அந்த இடது காதில் இருந்து ரத்தம் வந்தது. அம்மா பஞ்சு வைத்து, மேலே முக்காடு போட்டுக்கொண்டாள். நம் சபையில் எல்லாப் பெண்களும் முக்காடு போடுகிறோமே, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. “நோட்டுல எழுதிராதட்டி” என்று மட்டும் சொன்னாள்.

மே 25: எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா பாட்டில் இடத்துக்கு வந்தபோது அம்மாவைப் பார்த்தேன். நான் அடிப்பதற்கு முன்னாலேயே அம்மா கண்ணை இறுக்கி மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டாள். இத்தனை நாளும் அது என் சிம்பல் சத்தத்துக்கு என்று நினைத்திருந்தேன். சத்தத்துக்கு இல்லை. அந்தக் குரலுக்கு. அவர் சொல்கிற பொய்க்கு நான் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு கை எழவில்லை. குச்சிகள் விழுந்து உடையவில்லை. அப்பா முழங்காலில் வைத்து உடைத்தார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சோப்பு டப்பா எனக்கு வேண்டாம்.

மே 31, சனி

காலை எட்டு மணிக்கு நோட்டைக் கொடுத்தேன். பாஸ்டரம்மா அடுப்படியில் நின்றுகொண்டே படித்தார்கள். பால் பொங்கி வழிந்தது, அவர்கள் கவனிக்கவில்லை. நான்தான் அடுப்பை அணைத்தேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, “இனி இத எனக்குக் காட்ட வேண்டாம்மா. உனக்காக எழுது” என்றார்கள். டிக் போடவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பாஸ்டரம்மா எங்கள் அறைக்கு வந்து அம்மாவின் முக்காட்டை விலக்கிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாஸ்டர் ஐயா அப்பாவை அழைத்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்பா அழுதார். தரையில் விழுந்தார். அம்மாவின் கையை முறித்தது, மனசு குத்தியது என்று அதே வார்த்தைகள், அதே வரிசை. இன்றைக்கே விட்டுவிடுகிறேன் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். எனக்கு அந்த நிறுத்தம் தெரியும். சிம்பல் விழுகிற இடம் அது.

பாஸ்டர் ஐயாவுக்கும் கண் கலங்கிவிட்டது. மதுரையில் குடி நிறுத்துகிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்போம், நீங்கள் அம்மாவும் மகளும் அறையிலேயே இருங்கள், திரும்பி வந்ததும் மன்னித்து ஏற்றுக்கொள் என்று அம்மாவிடம் சொன்னார்கள். எனக்கு மனசு துள்ளியது. அறையிலேயே என்றால் டிரம்ஸ்!

பாஸ்டர் ஐயா மறுபடி ஆரம்பித்தபோது, அவளைப் பேச விடுங்கள் என்று பாஸ்டரம்மா தடுத்தார்கள்.

“இங்க இருந்தா எல்லாரும் சேந்து மன்னிக்கச் சொல்லுவாக ஐயா” என்றாள் அம்மா. “நானும் மன்னிச்சிருவேன். அதான் போறேன்.”

சிவகாசியில் பெரியம்மா வீடு. திங்கட்கிழமை காலை பஸ். சிவகாசியில் டிரம்ஸ் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆல்வின் அண்ணன் போன வாரமே பெங்களூர் போய்விட்டார், இல்லையென்றால் அவரிடம் கேட்டிருப்பேன். கொஞ்ச நேரம் ஜெப வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன். ஆனால் எழுதியதற்காக அழவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மூட்டை கட்டியாகிவிட்டது. மூட்டை மேலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒரு நாள் வாசித்துவிட்டுப் போ என்று பாஸ்டரம்மா சொல்லியிருந்தார்கள். ஜெயசீலன் அண்ணனின் பிளந்த குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா கடைசி வரிசையில், செருப்பு கிடக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊரில் விஷயம் பரவிவிட்டது போல. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் ஐயா இன்றைக்குச் சாட்சி வேண்டாம், நேராக ஜெபத்துக்குப் போவோம் என்றார்கள். அப்போது பெண்கள் பக்கம் அம்மா எழுந்து நின்றாள். காதில் கட்டு. முக்காடு போடவில்லை. ரூத் அத்தை கையைப் பிடித்து இழுத்தார்கள், அம்மா உட்காரவில்லை. பாஸ்டரம்மா கீபோர்டில் இருந்து எழுந்து வந்து மைக்கை அம்மா கையில் கொடுத்தார்கள்.

“எம் புருஷன் மாறிட்டாருன்னு ரெண்டு வருசமா இதே எடத்துல நின்னு சொன்னேன். அது பொய். அவரு குடிக்காரு. என்னய அடிக்காரு. எனக்கு எடது காது கேக்காது. நாளைக்கு நானும் எம் மகளும் போறோம். இதான் என் சாட்சி.”

சாட்சி முடிந்தால் சபை ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. இருநூறு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஃபேன் சத்தம் கேட்டது. அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

நான் சிம்பலை ஓங்கி அடித்தேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு பலமாக எதையும் அடித்ததில்லை. குனிந்த தலையெல்லாம் நிமிர்ந்தது. அம்மா கண்ணை மூடவில்லை, தோளைக் குறுக்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் காலால் அடிக்க ஆரம்பித்தேன், பிறகு கை, இரண்டாம் தட்டும் நாலாம் தட்டும் ஓங்கி விழ, வாக்மேனில் கேட்ட வேகத்தில். என்ன பாட்டு என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசி வரிசையில் யாரோ எழுந்து வெளியே போனார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. முதலில் ரூத் அத்தைதான் கை தட்டினார்கள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றது.

பாஸ்டர் ஐயா என் பக்கம் கையை உயர்த்தினார்கள். நிறுத்தச் சொன்னார்களா, ஸ்தோத்திரம் சொன்னார்களா, இப்போதும் எனக்குத் தெரியாது. பார்க்காத மாதிரி வாசித்துக்கொண்டே இருந்தேன்.